ஒன்றுகூடல் வைக்கப் போறீங்களோ, தங்கச்சிமாரே?

பள்ளிக்கூடத்து ஒன்றுகூடல் என்றால் எந்த மண்டபம், என்ன சாப்பாடு, எந்த நிறச் சேலை என்றுதான் வட்ஸ்அப் குழுவில் கதை தொடங்கும். அதெல்லாம் ஆறுதலாகப் பார்க்கலாம். முதலில் இதை யோசியுங்கோ: உங்கள் வகுப்பில் வரத் தயங்கிக்கொண்டிருக்கிறவள் யார்? யாழ்ப்பாணத்தில் படித்த எந்தப் பட்சிலும் அப்படிச் சிலர் இருப்பார்கள். டொக்டராகவும் எஞ்சினியராகவும் வந்த தோழிகளுக்கு முன்னால் தன்னைப் பற்றி என்ன சொல்வது என்று கூசுகிறவள், கணவனை இழந்தவள், பிரிந்து வாழ்கிறவள், ரிக்கெற் காசுக்கு வழியில்லாதவள், உடம்பு பெருத்துவிட்டதே என்று வெட்கப்படுகிறவள். நாள், இடம், காசு, நிகழ்ச்சி எல்லாவற்றையும் அவளை மனதில் வைத்து முடிவு செய்யுங்கோ. வசதியும் துணிச்சலும் உள்ளவர்கள் நீங்கள் எங்கே வைத்தாலும் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

சிட்னியிலும் மெல்பேர்னிலும் யாழ்ப்பாணப் பள்ளிகள் பலவற்றின் பழைய மாணவர் சங்கங்கள் வருடந்தோறும் இராப்போசன விழா வைக்கின்றன. பிரதம விருந்தினர், உரை, நடனம், சீட்டிழுப்பு எல்லாம் அதில் இருக்கும். பள்ளிக்கு நிதி சேர்க்க அது வேண்டியதுதான். ஒரு பட்ச் தனியாகக் கூடுவது அப்படியில்லை. அங்கே மேடையே தேவையில்லை. முப்பது வருசம் காணாதவர்கள் பக்கத்தில் இருந்து கதைக்க நேரம் வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு ஒழுங்கும்.

ஆட்களைத் தேடுவது

நாள் குறிக்க முதல் ஆட்களைத் தேடத் தொடங்குங்கோ. இதுதான் அதிக காலம் எடுக்கும் வேலை, ஒரு வருடம் கொடுத்தாலும் தகும். ஏ.எல் வகுப்புப் பட்டியலோடு நின்றுவிட வேண்டாம். தொண்ணூறுகளின் நடுவில் ஏ.எல் எடுத்த பட்ச் என்றால் ஆறாம் வகுப்பில் இருந்தவர்களில் எத்தனையோ பேர் ஏ.எல்லுக்கு முன்னமே போய்விட்டார்கள். சிலர் கொழும்புக்கு, சிலர் இந்தியாவுக்கு, சிலர் தமையன்மார் இருந்த நாடுகளுக்கு. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது வகுப்புகள் சிதறின. திரும்பி வந்து அதே பள்ளியில் இருந்தவர்களும் உண்டு, வன்னியிலேயே தங்கி வேறு பள்ளியில் சோதனை எடுத்தவர்களும் உண்டு. அவர்கள் எல்லாருமே உங்கள் பட்ச்தான்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அதற்குச் சரியாக ஐந்து வருடம் முன்பு, 1990 ஒக்டோபர் 30 இல், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் ஒரே நாளில் வெளியேற்றினார்கள். உங்கள் வகுப்பில் முஸ்லிம் தோழிகள் இருந்திருந்தால், அடுத்த நாள் அவர்களின் வாங்கு வெறுமையாக இருந்தது உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கும். பல குடும்பங்கள் புத்தளத்தில் குடியேறின, பிறகு சிலர் சோனகதெருவுக்குத் திரும்பினார்கள். அங்கே விசாரித்தால் கண்டுபிடிக்கலாம். அந்த அழைப்பு குழுவில் போடுகிற பொது அழைப்பாக இருக்கக் கூடாது. அவளோடு ஒரே வாங்கில் இருந்தவளே எடுத்துக் கதைக்க வேண்டும், அதுவும் ஒன்றுகூடலைப் பற்றிப் பேச முதல் சுகம் விசாரித்து.

ஆட்களைப் பிடிக்க ரியூசன் வகுப்பு நல்ல வழி. பள்ளி வேறாக இருந்தாலும் ஒரே மாஸ்ரரிடம் படித்த பெடியன்கள் உங்களைவிட அதிகம் ஞாபகம் வைத்திருப்பார்கள். ஊர்ச் சங்கங்களிலும் கேளுங்கோ. நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் பள்ளிகளின் சஞ்சிகைகளும் ஆண்டு மலர்களும் எண்ணிம வடிவில் கிடக்கின்றன. 2005 இல் தொடங்கியது முதல் தன்னார்வலர்கள் சேர்த்துவைத்த செல்வம் அது. உங்கள் வருடத்து மலர் இருந்தால் மாணவத் தலைவிகள், வலைப்பந்து அணி, நாடகக் குழு என்று பெயர்கள் வரிசையாகக் கிடைக்கும். உங்கள் வீட்டில் அந்த மலர் இருந்து அங்கே இல்லாவிட்டால், ஸ்கான் செய்து கொடுத்துவிடுங்கோ.

படங்களைப் பொறுத்தவரை, 95 க்கு முதலே வெளிநாடு போனவர்களின் வீட்டில்தான் தேட வேண்டும். இடம்பெயர்ந்தவர்கள் அல்பத்தைக் காவிக்கொண்டு போகவில்லை. லண்டனிலோ ரொறன்ரோவிலோ அம்மாவின் அலுமாரியில் வகுப்புப் படம் பத்திரமாக இருக்கும். கைபேசியால் படத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லாமல், கடையில் கொடுத்து ஸ்கான் செய்து அனுப்பச் சொல்லுங்கோ. பெரிதாக்கிச் சுவரில் போட்டால் முகம் தெரிய வேண்டும்.

கண்டுபிடித்தபின் ஒருத்தி வர விருப்பமில்லை என்றால், அதோடு விட்டுவிடுங்கோ. நெருங்கியவள் ஒருத்தி ஒரு தடவை கதைத்தால் போதும். குழுவில் அவள் பெயரைப் போட்டு ஏன் வரவில்லை என்று ஆராய்வது அவளை என்றைக்குமாகத் தூரமாக்கிவிடும்.

எப்போது, எங்கே

நியூ சவுத் வேல்ஸுக்கும் விக்ரோறியாவுக்கும் பொதுவான நீண்ட வார இறுதிகள் குறைவு. தொழிலாளர் தினம் விக்ரோறியாவில் மார்ச்சில் வரும், சிட்னியில் ஒக்டோபரில் வரும். ஈஸ்ரர் இரண்டு பக்கமும் நாலு நாள் லீவு என்றாலும் பெரிய வெள்ளியும் உயிர்ப்பு ஞாயிறும் உங்கள் கிறிஸ்தவத் தோழிகளுக்கு ஆலய நாட்கள். என் தெரிவு யூன் மாதம் இரண்டாம் திங்கள், மன்னர் பிறந்தநாள் வார இறுதி. இரண்டு மாநிலத்துக்கும் லீவு, விமான ரிக்கெற்றும் மார்கழி விலைக்குப் போகாது. குளிர்தான், ஐந்து மணியளவில் இருட்டிவிடும். ஆனபடியால் வெளியே செய்வதை எல்லாம் பகலில் வைத்துக்கொள்ளுங்கோ. கனடாவில் இருந்து வருகிறவர்களுக்கு இந்தக் குளிர் குளிரே இல்லை.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாட்களும் பலர் ஊருக்குப் போவார்கள். மே 18 உம் நவம்பர் 27 உம் வருகிற கிழமைகளில் கொண்டாட்டம் வேண்டாம், தம்பியை, அக்காவை, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் உங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். நோன்பு மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கோ. மெல்பேர்ன் என்றால் மார்ச் கிராண்ட் பிரீ, செப்ரெம்பர் கடைசியில் ஏஎஃப்எல் இறுதி ஆட்டம், நவம்பர் கப் கிழமை ஆகியவற்றில் ஹொட்டேல் அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும்.

எந்த நகரம் என்பதில் சண்டை வேண்டாம். தங்க இடம் கொடுக்கக்கூடிய வீடுகள் எங்கே அதிகமோ அங்கே வையுங்கோ. சிட்னி என்றால் பெண்டில் ஹில், வென்ற்வேர்த்வில், ரூங்காபி பக்கம் தமிழ்க் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் நடை தூரத்தில். மெல்பேர்னில் டண்டினோங், கிளென் வேவர்லி பக்கம் வசதி. வெளிநாட்டில் இருந்து வருகிறவளைத் தனியே ஹொட்டேலில் விடாமல் வீட்டில் இருவர் மூவராகத் தங்கவிடுங்கோ. இரவு இரண்டு மணிக்கு மெத்தையில் படுத்துக்கொண்டு கதைப்பதுதான் பிறகு வருசக்கணக்காக ஞாபகம் இருக்கும்.

மற்ற நகரத்தில் இருந்து வருகிறவர்கள் சேர்ந்து வான் எடுத்துக்கொண்டு வந்தால், ஒன்றுகூடல் வீதியிலேயே தொடங்கிவிடும். சாதாரண கார் லைசென்சில் ஓட்டுநரோடு பன்னிரண்டு பேர் வரை ஏறும் வான் ஓடலாம். ஹியூம் நெடுஞ்சாலை வழியே சிட்னியும் மெல்பேர்னும் ஏறத்தாழ 880 கிலோமீற்றர். ஒரே நாளில் ஓட வேண்டாம். சிட்னியில் இருந்து விடியப் புறப்பட்டால், குண்டகையில் சாப்பாட்டுப் பெட்டி மேல் இருக்கும் நாய்ச் சிலைக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டு வந்த புளிச்சாதத்தைச் சாப்பிட்டு, பொழுதுபடமுன் அல்பெரி போய்த் தங்கலாம். இருட்டும் நேரத்தில் கங்காரு வீதிக்குக் குறுக்கே பாயும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஓட்டுகிறவள் மாற வேண்டும்.

விசாவும் பெட்டியும்

பிரித்தானிய, ஐரோப்பிய ஒன்றியக் கடவுச்சீட்டுக்காரருக்கும் சுவிஸ், நோர்வேக்காரருக்கும் இணையத்திலேயே இலவசமாக ஈவிசிற்றர் கிடைக்கும். கனடியர்கள் கைபேசிச் செயலி வழியாக ஈரிஏ எடுக்கலாம். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டில் வருகிறவர்களுக்குத்தான் 600 ஆம் இலக்க வருகை விசா. அதற்கு நாலைந்து மாதம் முதலே விண்ணப்பியுங்கோ. யார் வீட்டில் தங்குவாள், எத்தனை நாள், செலவு யார் பொறுப்பு என்று தெளிவாக எழுதிய அழைப்புக் கடிதமும், அவள் திரும்பிப் போவாள் என்று காட்டும் வேலைக் கடிதம், லீவுக் கடிதம், குடும்ப விபரங்களும் வேண்டும். படிவம் நிரப்பப் பழகியவள் ஒருத்தி அவளோடு தொலைபேசியில் இருந்து ஒவ்வொரு பக்கமாக நிரப்பிக் கொடுக்கட்டும். விசா மறுக்கப்பட்டால் அந்தச் செய்தியை அவள் சொல்லட்டும், நீங்கள் குழுவில் போட வேண்டாம்.

ஊரில் இருந்து வருகிறவள் வெறுங்கையோடு வரமாட்டாள். புழுக்கொடியல், ஒடியல் மா, பனங்கட்டி, பனாட்டு, இடித்த கறித்தூள் என்று பெட்டி நிறையும். விமானத்தில் தரும் வருகை அட்டையில் உணவு இருக்கிறது என்று கட்டாயம் குறிக்கச் சொல்லுங்கோ. சொல்லிவிட்டால், ஆகாத பொருளை எடுத்துக்கொண்டு மிச்சத்தோடு விடுவார்கள், தண்டம் இல்லை. மறைத்தால் தண்டம், வருகை விசாவை இரத்துச் செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு. பச்சைக் கறிவேப்பிலை, முருங்கையிலை, பழங்கள் வேண்டவே வேண்டாம் என்று ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கோ. இங்கே வீட்டுப் பின்வளவிலேயே கறிவேப்பிலை வளர்க்கிறோம்.

காசு

இதில் நான் கண்டிப்பு. இருவர் பெயரில் ஒரு கணக்கு, அதற்கு ஒரு பேஐடி. வெளிநாட்டுக்காரருக்கு விமானச் செலவே பெரிது, அவர்களிடம் பங்கு குறைவாக எடுங்கோ. யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்ற பட்டியல் குழுவில் ஒருநாளும் வரக் கூடாது. அது பொருளாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். பங்கு கட்டும்போது விரும்பியவர்கள் கூடப் போடட்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கோ. முடியாதவளுக்கு அந்தக் காசில் இருந்து பங்கு போய்விடும், யார் கொடுத்தது, யாருக்குப் போனது என்று எவருக்கும் தெரியாது. ஒரே மாதிரிச் சேலை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். பள்ளி நிறத்தில் வீட்டில் இருக்கிறதை உடுத்துக்கொண்டு வரட்டும்.

பள்ளிக்கு உதவுவதென்றால் அதன் கணக்கு வேறு. அதிபரிடம் என்ன தேவை என்று எழுத்தில் கேட்டு, பற்றுச்சீட்டோடு செய்யுங்கோ.

மண்டபமும் சாப்பாடும்

மாநகரசபையின் சமூக மண்டபம் போதும். பதிவு செய்யமுன் நேரே போய்ப் பாருங்கோ. வாசலில் படி இருக்கிறதா, கழிப்பறை கீழ்த்தளத்திலா, கார் நிறுத்த இடம் இருக்கிறதா? ஐம்பது வயது முழங்கால்களுக்கு இது முக்கியம், எண்பது வயது ரீச்சருக்கு இன்னும் முக்கியம். பொறுப்புக் காப்புறுதி வாடகைக்குள் அடங்குமா, வைப்புப்பணம் எவ்வளவு, சமையலறையில் சமைக்கலாமா அல்லது சூடாக்க மட்டுமா, கூட்டித் துடைத்துத் திறப்பைக் கொடுக்க வேண்டிய நேரம் எது என்று எழுத்தில் வாங்குங்கோ. குத்துவிளக்கு ஏற்றுவதென்றால் முதலே கேட்க வேண்டும். பல மண்டபங்களில் நெருப்புக்கு அனுமதி இல்லை. சாம்பிராணிப் புகைக்கு அலாரம் அடித்துத் தீயணைப்பு வண்டி வந்தால் அதற்குக் கட்டணம் கேட்பார்கள்.

சாப்பாட்டை வீட்டில் சமைத்துக் கொண்டுவரும் பொறுப்பை யாருக்கும் கொடுக்காதீங்கோ. சமைத்தவள் களைத்துப்போய்க் குசினியிலேயே நிற்பாள், அவளோடு ஒருவரும் கதைத்திருக்க மாட்டார்கள். கடையில் சொல்லி எடுங்கோ. இறைச்சி முழுவதும் ஹலாலாக இருக்கட்டும், அப்போது ஒருத்திக்கென்று தனிச் சட்டி தேவையில்லை. மரக்கறி மேசை தள்ளி இருக்கட்டும். இடியப்பம், சொதி, சம்பல், ஒரு பிரட்டல் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி போதும். பின்னேரத் தேநீருக்குக் கன்ரீனில் வாங்கித் தின்ற றோல்ஸும் வாய்ப்பனும் பணிசும் வையுங்கோ. நீரிழிவுக்காரருக்குச் சீனியில்லாத தேநீர் தனிக் கேத்தலில், அதில் பெரிதாக எழுதி ஒட்டுங்கோ.

கணவன்மாரும் பிள்ளைகளும் வரலாமா என்று கட்டாயம் கேள்வி வரும். மாலை நிகழ்ச்சி பட்சுக்கு மட்டும், அடுத்த நாள் பார்க் குடும்பங்களுக்கு என்று பிரித்துவிடுங்கோ. இங்கே பிறந்த பிள்ளைகளை நாலு மணித்தியாலம் கதிரையில் இருத்திவைப்பது அவர்களுக்கும் பாவம், தாய்க்கும் பாதிக் கண் அங்கேயே இருக்கும். தனியே வாழ்கிறவளும் சோடி சோடியாக இருக்கிற மேசையைவிடத் தோழிகளுக்கு மட்டுமான மேசைக்குத்தான் மனம் வைத்து வருவாள்.

அந்த நாள்

பெயர் அட்டையில் பள்ளிக்காலப் பெயர் பெரிய எழுத்தில், கண்ணாடி போடாமலே வாசிக்கக் கூடியதாக. கீழே பிரிவு: கணிதம், உயிரியல், வர்த்தகம், கலை. இப்போதைய தொழில், பட்டம் எதுவும் வேண்டாம். அதே காரணத்துக்காக எல்லாரும் எழுந்து நின்று தன்னை அறிமுகப்படுத்தும் சுற்றையும் விட்டுவிடுங்கோ. வேலை, வீடு, பிள்ளை எந்த யூனியில் என்று வரிசையாக வரும்போது, சொல்ல ஒன்றுமில்லை என்று நினைக்கிறவள் தன் முறை வரமுன் வெளியே போய் நிற்பாள். அதற்குப் பதிலாகப் பழைய படங்களைச் சுவரில் ஒட்டி, கீழே பேனையும் கடதாசியும் வையுங்கோ. இது யார், எந்த வருசம், எந்த மரத்துக்குக் கீழே என்று தானாகவே ஐந்து பேர் கூடிவிடுவார்கள்.

இறந்துபோன தோழிகளை நினைப்பதைத் தொடக்கத்திலேயே செய்யுங்கோ, கடைசிக்கு வைக்க வேண்டாம். பெயரை மட்டும் வாசியுங்கோ. எப்படி இறந்தாள் என்று சொல்ல வேண்டியதில்லை. படம் வைப்பதென்றால் தாயிடமோ சகோதரங்களிடமோ முதலே கேளுங்கோ. பெயர் வாசித்த கையோடு தேநீருக்கு எழும்புங்கோ, அழ வேண்டியவள் அழட்டும், பக்கத்தில் இருக்கிறவள் கையைப் பிடிக்கட்டும். காணாமல் போனவர்கள் இருந்தால் இறந்தவர்களோடு சேர்த்து வாசிக்கக் கூடாது. அந்த வீட்டில் இன்னும் காத்திருப்பார்கள்.

ரீச்சர்மார் இங்கே இருந்தால் ஒருத்தி காரில் போய் ஏற்றிக்கொண்டு வந்து, களைத்தவுடன் கொண்டுபோய் விட வேண்டும். கடைசி மட்டும் இருத்தி வைக்க வேண்டாம். ஒவ்வொருத்தியாகக் கிட்டப் போய்க் குனிந்து பெயர் சொல்லுங்கோ, நினைவிருக்கிறதா என்று கேட்டுச் சோதிக்காமல்.

வர முடியாதவர்களுக்காக யாழ்ப்பாணத்தில் அதே நாளில் ஒரு தேநீர் ஒழுங்கு செய்யுங்கோ, செலவு பொதுக் காசில் இருந்து. யூனில் சிட்னி இரவு 9 மணி என்றால் யாழ்ப்பாணம் மாலை 4.30, லண்டன் மதியம் 12, ரொறன்ரோ காலை 7. நாலு இடமும் விழித்திருக்கும் நேரம். சூமில் முப்பது நிமிடம் போதும். ஒருத்தியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அவளோடு கதைத்தபின் அடுத்தவள். எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டால் ஊரில் இருக்கிறவள் ஒன்றும் விளங்காமல் சிரித்துக்கொண்டே இருப்பாள்.

பாட்டு மெதுவாக. டீஜே வேண்டாம். ஆட விருப்பமானவர்கள் பத்து மணிக்குப் பிறகு ஆடட்டும்.

அடுத்த நாள் சிட்னியில் ஒலிம்பிக் பார்க்கில் இருக்கும் பைசென்ரெனியல் பார்க், அல்லது சேர்க்குலர் கீயில் இருந்து பரமற்றாவுக்குப் போகும் ஆற்றுப் படகு. ஒன்றரை மணித்தியாலம் அளவில் ஓடும், வங்கி அட்டையைத் தட்டினால் போதும், கால் நோகாமல் கதைத்துக்கொண்டே போகலாம். மெல்பேர்னில் வீலர்ஸ் ஹில் பக்கத்து ஜெல்ஸ் பார்க். பெல்கிரேவில் இருந்து போகும் பஃபிங் பில்லி நீராவி ரயில் என்றால் ஆசனம் முதலே பதிய வேண்டும். கோயிலுக்குப் போக விரும்புகிறவர்கள் போகட்டும், அதைப் பொது நிகழ்ச்சியாக்க வேண்டாம்.

படங்களை முகநூலில் போடமுன் படத்தில் இருக்கிற எல்லாரிடமும் கேளுங்கோ. முன்னாள் கணவனுக்குத் தன் ஊர் தெரியக் கூடாது என்று வாழ்கிறவள் உங்களுக்குள் இருக்கலாம், அவள் அதைச் சொல்லியிருக்க மாட்டாள். கூட்டுப் படம் ஒன்றை நல்லதாகப் பிரதி எடுத்து, வர முடியாதவர்களுக்குத் தபாலில் அனுப்புங்கோ. பின்பக்கத்தில் வந்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட, அந்தப் படத்தை பிரதி எடுத்து மறுநாள் பார்க்குக்கே கொண்டுவந்துவிட வேண்டும், பிறகு ஆட்களைப் பிடிக்க முடியாது.

கணக்கை ஒரு கிழமைக்குள் குழுவில் போடுங்கோ, வரவும் செலவும் மட்டும், பெயர்கள் இல்லாமல். மிச்சம் இருந்தால் அடுத்த ஒன்றுகூடலுக்கு என்று வைத்திருக்காமல், இந்தத் தடவை விசா மறுக்கப்பட்டவள் சம்மதித்தால் திரும்பவும் விண்ணப்பிக்க அந்தக் காசைக் கட்டுங்கோ. மறுப்புக் கடிதத்தில் என்ன குறை சொன்னார்கள் என்று வாசித்து, அந்தப் பத்திரத்தை முதலில் எடுக்கச் சொல்லுங்கோ.